பத்து முறை வைத்த எடை

அவள் கைப்பையில் சீப்பு இருக்காது, கண்ணாடி இருக்காது. நூறு கிராம் பித்தளை எடைக்கல் ஒன்று பழைய பருத்தித் துணியில் சுற்றி எப்போதும் இருக்கும். காய்கறிக் கடையோ பழக்கடையோ, பொருளைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கல்லை எடுத்துத் தராசில் வைப்பாள். எண் நூறில் நின்றால் ஒரு வார்த்தை பேசாமல் வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நூற்றொன்று காட்டினால் கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் தெருவில் பாதிப் பேர் தங்கள் தராசுகளை அவளிடமே பழுதுபார்க்கக் கொடுக்கிறார்கள் என்பது அவள் தம்பியின் கட்சி.

"எங்க அக்காவுக்கு விளம்பரமே வேண்டாம். ஒரு தடவை முறைச்சா ஒரு தராசு வந்துடும்" என்பான்.

அரைக்கிராம் என்று அவளுக்குப் பெயர் வைத்தவனும் அவன்தான். பெயர் வீட்டோடு நிற்கவில்லை. பட்டறைக்கு வருகிறவர்களும் பின்னால் அப்படியே சொன்னார்கள். அவளுக்கு அது தெரியும். அதில் பொய் எதுவும் இல்லை என்பதால் கோபப்படவில்லை.

அப்பா வைத்துவிட்டுப் போன தராசுப் பட்டறை அது. தெருவைப் பார்த்த அறையில் நீளமான மேஜை, அதன் நான்கு காலுக்கும் கீழே ரப்பர் கட்டைகள். வெளியே லாரி போனால்கூட மேஜை அசையக் கூடாது. சுவரோரம் பூட்டிய பெட்டி. அதற்குள் வெல்வெட் குழிகளில் எடைக்கற்கள், ஒரு மில்லிகிராம் தகட்டிலிருந்து இருபது கிலோ குண்டு வரை. சின்னவற்றைக் கையால் தொட விடமாட்டாள், இடுக்கிதான். விரல் வியர்வைக்கும் எடை உண்டு. அப்பா போனபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, தம்பி பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். பட்டறையை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். அந்த நல்ல மனதையும் அவள் சந்தேகப்பட்டாள். விற்கவில்லை.

கல்யாணப் பேச்சு ஒன்று வராமல் இல்லை. ஐந்தடி எட்டங்குலம் என்று சொன்ன ஒருவர் வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார். பட்டறையைச் சுற்றிப் பார்த்தவர், விட்டத்தில் தொங்கிய இரும்புக் கொக்கிக்குக் கீழே தலை குனியாமல் நடந்து போனார். தலையில் கொக்கி படவில்லை. அந்தக் கொக்கி தரையிலிருந்து சரியாக ஐந்தடி ஏழங்குலம். அவள் உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"ஒரு அங்குலத்துக்காடீ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு அங்குலம் போகட்டும்மா. கேட்காமலே கூட்டிச் சொன்னார் பாரு, அது எதுக்கு?"

இப்போது அம்மா இல்லை. அவளுக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. தம்பி வெளி வேலைக்குப் போவான், பெரிய தராசுகளை இருக்கும் இடத்திலேயே பார்த்துக் கொடுப்பான். அவள் மேஜை வேலை. தம்பி மனைவி நடு அறையில் ஒரு கணினியோடு உட்கார்ந்திருப்பாள்.

தம்பி மனைவி கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் இணையதளம் வடிவமைத்துக்கொண்டிருந்தவள். இப்போது வீட்டிலிருந்தே ஒரு பல் மருத்துவமனை, ஒரு கார் ஓட்டும் பள்ளி, ஒரு விதைக் கடை, மூன்றின் தளங்களையும் பராமரிக்கிறாள். தம்பி அவளை சைட்டம்மா என்று கூப்பிடுவான். அவள் பதிலுக்கு எதுவும் கூப்பிடமாட்டாள், முறைப்பாள். முறைக்கிற பெண்களுக்கு நடுவில் வாழ்வதற்கென்றே பிறந்தவன் அவன்.

இரண்டு வருடம் முன்பு அடுத்த தெருவில் ஒரு தராசுக் கடை திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய முன்னறை. இந்த வீட்டில் அதற்குப் புதுக்கடை என்று பெயர். ஆறு மாதத்தில் பட்டறையின் தொலைபேசி அடிப்பது பாதியாகக் குறைந்தது. ஒரு நாள் தம்பி மனைவி நேராகவே சொன்னாள்.

"எல்லாரும் இப்ப போன்லதான் தேடுறாங்க அண்ணி. போன்ல நாம இல்லைன்னா தெருவுலயும் இல்லைன்னுதான் அர்த்தம்."

"இருபத்தாறு வருஷமா இதே தெருவுலதான் உட்கார்ந்திருக்கேன்."

"எனக்குத் தெரியுது. போனுக்குத் தெரியலையே."

அப்படித்தான் இணையதளம் தொடங்கியது. முதல் நாளே சண்டை. முகப்புப் பக்கத்துக்கு என்று தம்பி மனைவி எங்கிருந்தோ ஒரு படத்தை எடுத்துப் போட்டிருந்தாள். வெள்ளை உடுப்பில் ஒரு பெண், பளபளக்கும் தராசு, இருவருமே சிரிக்கிறார்கள் போல. அரைக்கிராம் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு எதுக்குச் சிரிக்கிறா?"

"சும்மா படத்துக்குத்தான் அண்ணி."

"நீர்மட்டக் குமிழைப் பாரு. வட்டத்துக்கு வெளிய நிக்குது. தராசு சாஞ்சிருக்கு. அந்தத் தராசுல எது வச்சாலும் தப்பாத்தான் காட்டும். அதைப் பார்த்துச் சிரிக்கிறாளே, இவளை எப்படி நம்புறது?"

தம்பி மனைவி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குமிழ் வெளியேதான் நின்றது. அன்று மாலையே பட்டறை மேஜையையும் எடைக்கல் பெட்டியையும் இடுக்கி பிடித்த கையையும் அவளே படம் எடுத்தாள். முகம் காட்ட அரைக்கிராம் சம்மதிக்கவில்லை. முகத்தைப் பார்த்து எடை போடுகிறவர்கள் வேறு கடைக்குப் போகட்டும் என்றாள்.

வாடிக்கையாளர் விவரம் எழுதி அனுப்பும் படிவத்தில் பதினான்கு கேள்விகள் வேண்டும் என்றாள். கடைசியாகத் தராசை யார் தொட்டார்கள், எந்தத் தேதியில், எதற்காக என்பது வரை. தம்பி மனைவி நான்காகக் குறைத்தாள்.

"பதினாலு கேட்டா பாதியிலேயே ஓடிடுவாங்க."

"ஓடுறவன் ஏன் ஓடுறான்னு பார்க்க வேண்டாமா?"

"அவசரமா இருப்பான் அண்ணி. எல்லாரும் திருடன் இல்ல."

தளம் தயாரான அன்று தம்பியின் பழைய போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். பக்கம் திறக்க ஒன்பது நொடி ஆனது. "என் தராசு ரெண்டு நொடியில நின்னுடும்" என்றாள். தம்பி மனைவி முணுமுணுத்துக்கொண்டே படங்களைச் சுருக்கினாள், திரையில் வேண்டாமல் அசைகிறவற்றை எடுத்தாள், தொலைபேசி எண்ணை மேலே கொண்டுவந்தாள். மூன்று நொடிக்கு வந்தது. நாத்தனாரின் சந்தேகம் இந்த ஓர் இடத்தில் உபயோகமானது என்று அவள் ஒத்துக்கொண்டாள், ஆனால் தம்பியிடம்தான்.

"கட்டினதோட முடியலை அண்ணி. வாரா வாரம் பார்க்கணும். நேரம் சரியா போட்டிருக்கா, எண் சரியா இருக்கா, எதை அழுத்தினா எது திறக்குது, பிரதி எடுத்து வச்சாச்சா, சைட் முகவரிக்குப் பணம் கட்டிப் புதுப்பிச்சாச்சா. விட்டா கெட்டுப்போயிடும்."

அந்தப் பேச்சு மட்டும் அரைக்கிராமுக்குப் பிடித்திருந்தது. அது தராசைப் பற்றிய பேச்சு போலவே இருந்தது.

பிடிக்காதது வருகை எண்ணிக்கை.

"நேத்து முப்பத்தேழு பேர் வந்திருக்காங்க" என்று ஒரு காலையில் தம்பி மனைவி சந்தோஷமாகச் சொன்னாள்.

"யாரு வந்தா? வாசல்ல ஒரு செருப்பைக் காணோமே."

"சைட்டுக்கு அண்ணி."

"முப்பத்தேழுல நீ எத்தனை? அவன் எத்தனை?"

தம்பி மனைவி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவர்கள் மூன்று பேரும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு ஆட்களின் வருகையை எண்ணாதபடி அவள் அமைப்பை மாற்றினாள். அடுத்த நாள் எண்ணிக்கை பதினொன்று. அரைக்கிராம் அந்தப் பதினொன்றை நம்பினாள்.

ஆனால் விசாரணைகள் வரத் தொடங்கியபோது அவளுக்கு வேறொரு குறுகுறுப்பு வந்தது. படிவத்தில் யார் எழுதி அனுப்பினாலும் அது தம்பி மனைவியின் கணினிக்குத்தான் போகும். அவள் அதை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதிப் பட்டறைச் சுவரில் இருந்த பலகையில் குத்தி வைப்பாள். உங்கள் போனுக்கே வரும்படி செய்து தருகிறேன் என்று தம்பி மனைவி முதலிலேயே சொன்னாள்தான். கடவுச்சொல் என்ற வார்த்தையைக் கேட்டதும் அரைக்கிராம் அதை மறுத்துவிட்டாள். வாடிக்கையாளருக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு சுவர் இருந்தது, அதற்கப்பால் நடப்பது அவளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் அவள் பார்க்காத இடத்தில் நடந்த எதையும் அவள் நம்பியதில்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தம்பி மனைவியின் அக்கா கணவர் புதுக்கடையில் விற்பனை ஆளாகச் சேர்ந்தார்.

"அத்தானுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்று தம்பி மனைவி சொன்னபோது அவள் குரலில் ஒளிவுமறைவு இல்லை. அதுவே அரைக்கிராமுக்கு உறுத்தியது. மறைக்க எதுவும் இல்லாதவள் போல ஒருத்தி பேசினால், அப்படிப் பேசப் பழகியிருக்கிறாள் என்றும் இருக்கலாமே.

அந்த நேரத்தில்தான் மொத்தச் சந்தை விஷயம் வந்தது. ஊரின் பெரிய சந்தை அது. அங்கே நாற்பத்திரண்டு மேடைத் தராசுகள், மூட்டையை அப்படியே ஏற்றி நிறுக்கிறவை, ஒவ்வொன்றும் ஐந்நூறு கிலோ தாங்கும். அவற்றை வருடா வருடம் சோதித்துச் சரிபார்க்க ஆள் தேடுகிறார்கள். தம்பி போய் மேலாளரைப் பார்த்தான்.

"வாய்ப்பேச்சு வேண்டாம்னுட்டார்க்கா. 'உங்க சைட்ல எழுதி அனுப்புவேன். எழுத்துல பதில் வரணும். அதை வச்சுத்தான் முடிவு'ங்கிறார். அடுத்த மாசம் ஆரம்பத்துலயாம்."

அந்த வேலை கிடைத்தால் பட்டறை நிற்கும். கிடைக்காவிட்டால் என்ன என்பதும் தெரிந்ததுதான். புதுக்கடை முதலாளி ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார், பின்னறையில் ஒரு மேஜை போட்டுத் தருகிறோம், அக்கா அங்கேயே வந்து வேலை பார்க்கலாம் என்று. அடுத்தவன் மேஜை. அதன் கால்களுக்குக் கீழே ரப்பர் கட்டை இருக்குமோ இருக்காதோ.

மாதம் பிறந்தது. சந்தையிலிருந்து சீட்டு எதுவும் பலகைக்கு வரவில்லை. பழரசக் கடை ஒன்று, தபால் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு நகைக் கடை, அவ்வளவுதான். அரைக்கிராம் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரு தராசின் மேல் சந்தேகம் வந்தால் அதைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, தட்டிப் பிரயோசனம் இல்லை. தெரிந்த எடையை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முறை அல்ல, பத்து முறை. நடுவில், நான்கு மூலையில், மறுபடி நடுவில். இடம் மாறலாம், எடை மாறக் கூடாது. பத்து முறையும் ஒரே எண் வந்தால் தராசு நல்லது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு, டீயை ஆற்றிக்கொண்டே தன் போனில் பட்டறையின் தளத்தைத் திறந்தாள். படிவத்தில் மாவு மில் முதலாளி ஆனாள். கற்பனையாக ஓர் எண் போட்டாள். தேவை என்ன என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: ஐந்நூறு கிலோ மேடைத் தராசு, வருடச் சோதனை வேண்டும். ஒரு குறிப்பேட்டில் தேதி, நேரம், பெயர் எழுதிக் கட்டம் போட்டாள்.

பத்து மணிக்கு மஞ்சள் சீட்டு பலகையில் இருந்தது. கட்டத்தில் ஒரு சரி.

புதன்கிழமை பருத்திக் கிடங்கு. வேறு எண், அதே வரி. சீட்டு வந்தது. வியாழக்கிழமை பழைய இரும்புக் கடை. அதுவும் வந்தது. அன்று மதியம் தம்பி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் புலம்பினான்.

"மாவு மில்லுக்குப் போன் போட்டா ஒரு வாத்தியார் எடுக்கிறாரு. வகுப்பு நடத்திட்டிருந்தாராம். தராசு பார்க்கணுமான்னு கேட்டேன். 'நீ எந்த வகுப்பு'ன்னு கேட்டுத் திட்டுறாருக்கா. பருத்திக் கிடங்கு நம்பரே கிடையாதாம்."

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். அரைக்கிராம் குழம்புக் கரண்டியைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை உப்பு மண்டி எழுதினாள். சீட்டு வரவில்லை. பத்து மணிக்கு இல்லை, மதியம் இல்லை, சாயந்திரமும் இல்லை. கட்டத்தில் பெருக்கல் குறி போட்டபோது அவளுக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது நிம்மதி. ஒரு தராசு பொய் சொல்கிறது என்று கண்டுபிடித்த நேரத்தில் எப்போதும் வருகிற அதே நிம்மதி.

சனிக்கிழமை, குழாயடியில் டீக் குவளையைக் கழுவும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி மனைவி போனில் பேசுவது கேட்டது. தண்ணீரை நிறுத்தினாள்.

"ஆமா அத்தான், தினமும் ஒண்ணு வருது... உங்க கடைக்கு வரலையா? உண்மையைச் சொல்லுங்க... சரி சரி, கோச்சுக்காதீங்க. நான் தடுத்து வச்சிருக்கேன். வீட்ல சொல்லலை. அண்ணி சும்மாவே எல்லாத்தையும் சந்தேகப்படுவாங்க."

தடுத்து வைத்திருக்கிறாள். புதுக்கடை ஆளிடம் சொல்லிக்கொண்டே தடுத்து வைத்திருக்கிறாள். இவ்வளவு கேட்ட பிறகு வேறொருத்தியாக இருந்தால் அப்போதே நடு அறைக்குள் போய் நின்றிருப்பாள். அரைக்கிராம் குவளையைத் துடைத்து வைத்தாள். பத்து முறை வைக்க வேண்டிய எடையை ஐந்தோடு நிறுத்தும் பழக்கம் அவளுக்கு இல்லை. ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று போய்க்கொண்டே இருந்தது. கட்டத்தில் பெருக்கல் குறிகள் வரிசையாக நின்றன. அந்த நாட்களில் அவள் தம்பி மனைவி பரிமாறியதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், முகத்தில் எதுவும் காட்டவில்லை.

பத்தாவது நாள் வியாழக்கிழமை. மதியம் ஒரு மணிக்கு, "இங்க கொஞ்சம் வா" என்று தம்பி மனைவியைப் பட்டறைக்குக் கூப்பிட்டாள். தம்பியும் பின்னாலேயே வந்து வாசலில் சாய்ந்து நின்றான். மேஜைமேல் குறிப்பேடு விரித்து இருந்தது.

"பத்து தடவை வச்சேன். மூணு தடவைதான் காட்டுச்சு. மீதி ஏழு எங்க போச்சு?"

தம்பி மனைவி குனிந்து படித்தாள். மாவு மில், பருத்திக் கிடங்கு, பழைய இரும்பு, உப்பு மண்டி... அவள் விரல் உப்பு மண்டியில் நின்றது.

"அண்ணி, இந்த உப்பு மண்டி நீங்களா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. யார் கடைக்குப் போச்சு? உங்க அத்தான்கிட்ட தடுத்து வச்சிருக்கேன்னு சொன்னியே, அதைச் சொல்லு."

"ஐயோ!" தம்பி மனைவி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "யாரோ வேணும்னே பொய்யா எழுதி நம்ம நேரத்தை வீணாக்குறாங்கன்னு நினைச்சேன். புதுக்கடைக்காரங்க வேலையா இருக்கும்னு அத்தானைப் போட்டு வறுத்தெடுத்தேன். அவர் பாவம், சத்தியம் பண்றார். ஒரு வாரமா நான் தேடின ஆள் இங்கயே உட்கார்ந்து என் கையால டீ குடிச்சிட்டிருந்திருக்கீங்க!"

"அந்த வாத்தியார்கிட்ட நான் வாங்கின திட்டும் உன்னாலதானாக்கா?" என்றான் தம்பி. யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அரைக்கிராம் உடனே நம்பிவிடவில்லை. குறிப்பேட்டை ஒரு விரலால் தன் பக்கம் இழுத்தாள்.

"எப்படித் தடுத்தே?"

"பேர் மாறுது, நம்பர் மாறுது. ஒரே ஒரு வரிதான் மாறவே இல்ல. அந்த வரி எதுல இருந்தாலும் நேரா குப்பைக்குப் போற மாதிரி வச்சேன்."

"எந்த வரி?"

"ஐந்நூறு கிலோ மேடைத் தராசு, வருடச் சோத..."

தம்பி மனைவி முடிக்கவில்லை. தம்பி வாசலிலிருந்து நிமிர்ந்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் நடு அறைக்குப் போனார்கள். அங்கே ஒரு நாற்காலிதான். யாரும் உட்காரவில்லை.

குப்பையில் எட்டுச் செய்திகள் கிடந்தன. ஏழு அரைக்கிராமுடையவை. எட்டாவது திங்கட்கிழமை காலை வந்தது. மொத்தச் சந்தை நிர்வாக அலுவலகம். ஐந்நூறு கிலோ மேடைத் தராசு, வருடச் சோதனை வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு. எப்படிச் செய்வீர்கள், எத்தனை நாளில் என்று வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எழுதவும்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால்.

"என் தப்பு" என்றாள் தம்பி மனைவி. "நம்ம தொழிலே அந்த வரிதான். அதையே கொண்டுபோய்க் குப்பைக்குப் போகச் சொன்னேன் பாருங்க. குப்பையை ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கணும்."

அரைக்கிராம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தட்டில் அவள் வைத்த எடையை எடுக்கவே இல்லை, அதற்கு மேல்தான் சந்தை வந்து ஏறியிருக்கிறது. முள் தப்பாகக் காட்டாமல் என்ன செய்யும்? "உட்காரு. பதில் எழுது" என்றாள்.

எத்தனை எடைக்கல், எந்த மூலையில் எத்தனை முறை, ஒரு தராசுக்கு எவ்வளவு நேரம் என்று அவள் சொல்லச் சொல்ல தம்பி மனைவி எழுதினாள். கடைசியில் விரலை நிறுத்தினாள்.

"நாலு நாள் தாமதத்துக்கு என்ன போடலாம்? தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டுடவா? எல்லாரும் அதைத்தான் போடுவாங்க."

"கோளாறு தராசுல இல்ல. வச்ச கையில. நடந்ததை அப்படியே எழுது. எழுதி அனுப்பிட்டு செருப்பைப் போடு, நேர்லயும் போகலாம்."

சந்தை மேலாளர் மாடியில் ஒரு சின்ன அறையில் இருந்தார். ஜன்னலுக்குக் கீழே மூட்டைகள், வண்டிகள், கூச்சல். அவர் பதிலைப் படித்துவிட்டிருந்தார்.

"சைட் கெட்டுப்போச்சுன்னு சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். நானே கெடுத்தேன்னு எழுதினவங்களை இப்பதான் பார்க்கிறேன்" என்றார். அவர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை. "இது ஒரு புது மாதிரி சாக்கா?"

அரைக்கிராம் குறிப்பேட்டை அவர் முன்னால் வைத்தாள். அவர் கட்டங்களை மேலிருந்து கீழே படித்தார். உப்பு மண்டி என்று வாய்க்குள் சொன்னார். ஒவ்வொரு வரியிலும் நிமிடம்கூட எழுதியிருந்தது.

"வீட்டு ஆளுங்க செஞ்ச சைட்டை, வீட்டு ஆளுங்களுக்கே தெரியாம, பத்து நாளா?"

"பத்து தடவை வைக்கணும். அதுதான் முறை."

"இவங்க உங்களுக்கு யாரு?"

"தம்பி சம்சாரம். சைட் செஞ்சதே இவதான்."

மேலாளர் தம்பி மனைவியைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. பிறகு மேஜையிலிருந்த ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார்.

"அடுத்த தெருக்காரங்க திங்கட்கிழமையே, அரை மணி நேரத்துல பதில் போட்டுட்டாங்க. முப்பது தராசை அவங்களுக்குக் கொடுத்தாச்சு. உங்ககிட்டருந்து பதிலே காணோம்னு நேத்தே கையெழுத்தும் போட்டாச்சு. அதுல நான் எதுவும் செய்ய முடியாது."

அரைக்கிராம் தலையசைத்தாள். கைப்பை வாரை இறுகப் பிடித்திருந்தாள். பக்கத்தில் தம்பி மனைவியின் மூச்சு கேட்டது.

"மிச்சம் பன்னிரண்டு. தெற்கு வாசல்ல இருக்கு. அதை அவங்க வேண்டாம்னுட்டாங்க. அங்க தினமும் தகராறு. விக்கிறவனும் நம்ப மாட்டான், வாங்கறவனும் நம்ப மாட்டான், தராசு சரியா காட்டினாக்கூட அடிதடிதான். எனக்கு அங்க நல்லா வேலை தெரிஞ்ச ஆள் மட்டும் பத்தாது." அவர் குறிப்பேட்டைத் தட்டினார். "இந்த மாதிரி ஆள் வேணும். முடியுமா?"

"தராசுங்களைப் பார்க்கணும்" என்றாள் அரைக்கிராம்.

பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்பது பொய் சொல்லின. சுற்றி நின்றவர்கள் அவள் கைப்பையிலிருந்து பித்தளைக் கல்லை எடுத்ததைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு தம்பி இருபது கிலோ குண்டுகளை இறக்கத் தொடங்கியதும் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

"பன்னிரண்டு போதுமாக்கா?" என்று திரும்பி வரும் வழியில் தம்பி கேட்டான்.

"பின்னறை மேஜைக்குப் போகாம இருக்கப் போதும்."

அந்த வாரமே தம்பி மனைவி இரண்டு காரியம் செய்தாள். தடுப்பை எடுத்துவிட்டாள், குப்பையை தினமும் ஒரு முறை திறந்து பார்ப்பதைத் தன் வேலைப் பட்டியலில் எழுதிக்கொண்டாள். அரைக்கிராம் கடவுச்சொல் என்ற வார்த்தையைப் பொறுத்துக்கொண்டு போனை நீட்டினாள். இனி எல்லா விசாரணையும் இரண்டு இடத்துக்கும் போகும். திங்கட்கிழமை காலை மட்டும் அவள் ஒரு சோதனைச் செய்தி அனுப்பலாம், அதன் முதல் வார்த்தை எடைக்கல் என்று இருக்க வேண்டும்.

"தெரிஞ்சே வைக்கிற எடையில என்ன சோதனை?" என்று அவளுக்கு மனத்தாங்கல்தான். இருந்தாலும் ஒத்துக்கொண்டாள்.

"நீங்க என்னைச் சொல்லாம சோதிச்சீங்க" என்றாள் தம்பி மனைவி. "நானும் உங்களைச் சோதிக்கலாம்தானே?"

"தாராளமா."

மூன்று வாரம் கழித்து ஒரு பகல் நேரத்தில் விதைக் கடைக்காரர் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன இரு தட்டுத் தராசு. சாய்கிறது போல இருக்கிறது, என்னவென்று பாருங்கள் என்று வைத்துவிட்டுக் கொஞ்சம் அவசரமாகவே போனார். அரைக்கிராம் தராசை நீர்மட்டம் பார்த்து நிறுத்தினாள். வெறும் தட்டுகளிலேயே இடப்பக்கம் இறங்கியது. வலத் தட்டில் இடுக்கியால் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு வந்தாள். முள் நடுவில் நின்றபோது தட்டில் இருந்தது சரியாக அரைக்கிராம்.

இடத் தட்டைத் திருப்பினாள். அடியில் நான்காக மடித்த ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

நடு அறையில் விசைப்பலகையின் சத்தம் நின்றுபோயிருந்தது. அரைக்கிராம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சீட்டைக் கிழியாமல் பிரித்தாள். உள்ளே தம்பி மனைவியின் கையெழுத்தில் ஒரே வரி: பத்தில் ஒன்று.

அதைப் பலகையில் குத்தினாள். கீழே தேதியும் நேரமும் எழுதி, ஒரு சரி போட்டாள். பிறகு மேஜைக்குத் திரும்பி, காலையிலிருந்து பழுதுபார்க்க வந்து வரிசையில் நின்ற மற்ற மூன்று தராசுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணால் அளந்தாள். பழரசக் கடைக்காரர் கொடுத்தது. தபால்காரர் கொடுத்தது. முன்பின் தெரியாத ஒரு பெண் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போனது.

இன்னும் ஒன்பது இருக்கிறது. அரைக்கிராம் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, சிரித்த பெண்ணின் தராசை முதலில் இழுத்தாள்.